தலையணை அக்கா வீட்டுக்காரர்

மழை விட்டிருந்த ஒரு காலை நேரம். பார்சல் கொண்டுபோகிறவன் வண்டியைக் கடை வாசலில் ஓரங்கட்டி, இறங்காமலே ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு கேட்டான்.

"அண்ணே, தலையணை அக்கா வீடு இதுதானே?"

சோபாக்காரர் அப்போது ஒரு பழைய சோபாவைக் கவிழ்த்துப்போட்டு அதன் அடிவயிற்றில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். உதட்டிடுக்கில் நாலைந்து ஆணிகள் இருந்ததால் வாயைத் திறக்க முடியவில்லை. திறந்திருந்தால் என்ன வந்திருக்குமோ தெரியாது. கையிலிருந்த சுத்தியலால் தலைக்கு மேலே தொங்கிய பலகையைக் காட்டினார். சோபா, நாற்காலி, கார் சீட் எல்லாம் புதுப்பித்துத் தரப்படும் என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. வந்தவன் அதை எழுத்துக்கூட்டி நிதானமாகப் படித்தான்.

"அது சரிண்ணே. அக்கா வீடு எது?"

உள்ளே இருந்து அவர் மனைவி, "இதோ வந்துட்டேன் தம்பி," என்று குரல் கொடுத்தபடி ஒரு பெரிய பொட்டலத்தை அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவன் வாங்கிக்கொண்டு போனான். போகும்போது, "பக்கத்துத் தெருவுலயே கேட்டேன்க்கா, தலையணை அக்கா வீட்டுக்காரரு கடைக்குப் பின்னாடின்னு கரெக்டா சொல்லிட்டாங்க," என்றான்.

அன்று முழுக்க சோபாக்காரருக்கு ஆணி எல்லாம் கோணலாகவே இறங்கியது.

அந்த ஊரில் அவருக்கு என்று ஒரு பெயர் இருந்தது. பல் டாக்டர் வீட்டில் வாயைப் பிளந்துகொண்டு சாய்கிற நாற்காலியிலிருந்து, முடிவெட்டுகிற கடையில் சுற்றுகிற நாற்காலி வரைக்கும் அவர் கைபட்டது. நல்ல மனநிலையில் இருந்தால், "இந்த ஊரே என் மேலதான்யா உக்காந்திருக்கு," என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவர் பழைய துணியை உரித்து, சட்டத்தைச் சரிசெய்து, ஃபோம் வெட்டி ஒட்டி, புது உறையை இழுத்துப் பிடித்து அடிப்பார். அந்த உறையை வெட்டித் தைப்பது பின்கட்டில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி. கல்யாணமான புதிதில் ஆள் கிடைக்காத ஒரு நாள் ஒத்தாசைக்கு உட்கார்ந்தவள், பிறகு எழுந்திருக்கவே இல்லை.

தலையணை வந்தது மகளுடைய பிரசவத்தில். ஆபரேஷன் செய்து பிள்ளை எடுத்த உடம்பு. குனிந்து பால் கொடுக்க முடியாமல் அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதது. தாய்க்காரி பட்டறை மூலையில் கிடந்த மிச்ச ஃபோமை எடுத்து அரைநிலா மாதிரி வெட்டி, மேலே பழைய பருத்திப் புடவையால் உறை தைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மகளின் இடுப்பைச் சுற்றி மாட்டிவிட்டாள். பிள்ளை அதன்மேல் சொகுசாகப் படுத்துக்கொண்டது. அம்மாவின் கைக்கும் ஓய்வு.

அதைப் பார்த்து சோபாக்காரர், "என்னடி இது, குதிரைக்குச் சேணம் கட்டின மாதிரி?" என்று சிரித்தார். அதற்குப் பிறகு அவர் சிரிக்கச் சந்தர்ப்பம் வரவில்லை. அடுத்த கட்டிலில் இருந்த பெண் கேட்டாள். அவள் நாத்தனார் கேட்டாள். ஆஸ்பத்திரி நர்ஸ், "உங்க நம்பர் குடுங்கம்மா, இங்க எல்லாருக்கும் சொல்றேன்," என்று வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நாளில் போன் ஓயாமல் அடிக்க ஆரம்பித்தது.

அந்தப் போன்தான் அவரை அறுத்தது. தன் மனைவிக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே அவருக்குத் தெரியாது. வீட்டில் அவள் பேசுவதெல்லாம் 'சாப்பிட வர்றீங்களா', 'நூல் தீந்துபோச்சு', 'மழை வருது, ஃபோமை உள்ள இழுங்க' என்ற அளவில்தான். போனை எடுத்தால் வேறு ஆளாகிவிடுவாள்.

"எத்தனை நாள் ஆச்சும்மா? ... ஆபரேஷனா, சுகப்பிரசவமா? ... கட்டில்ல உக்காந்து குடுப்பியா, நாற்காலியிலயா? ... நீ நெட்டையா குட்டையா, அதச் சொல்லு முதல்ல ... ஐயோ, அதுக்கு ஏன்மா அழற? எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். என் பொண்ணு அழாத அழுகையா ... உன் மாமியா சொல்றத இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்ரு ..."

பேசி முடித்துவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு பின்கட்டைத் தாண்டி, ரெக்சின் சுருள்களைத் தாண்டி, பட்டறை வரை வரும். அவர் எழுந்துபோய் காற்று மிஷினைப் போட்டுவிடுவார். ஸ்டேப்ளர் துப்பாக்கிக்குக் காற்று ஏற்றுகிற மிஷின் அது. போட்டால் பக்கத்துக் கடைக்காரனே காதைப் பொத்திக்கொள்வான். அன்றைக்கு அடிக்க ஸ்டேப்ளர் வேலையே இருக்காது. இருந்தாலும் போடுவார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தம்பி மடிக்கணினியோடு வந்து சேர்ந்தான். ஏதோ ஒரு கம்பெனியில் கணினி வேலை. மூவரும் பட்டறையிலேயே உட்கார்ந்தார்கள், வெட்டுமேசையைச் சுற்றி. மனைவி முட்டை பொரித்து ரொட்டியோடு கொண்டுவந்து வைத்தாள். வெளியே தூறல் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, இப்படிப் போன்லயே ஓட்ட முடியாது. யாருக்கு எது அனுப்பினோம்னு உனக்கே குழப்பம் வருது. ஆன்லைன்ல ஒழுங்கா ஒரு கடை போட்ரலாம். எப்படிப் போடுறதுன்னுதான் முடிவு பண்ணணும்," என்றான் தம்பி.

"எப்படின்னா?"

"பெரிய தளம் இருக்குல்ல, செருப்புலேருந்து சீப்பு வரைக்கும் விக்கிறது. அது சந்தை மாதிரி. அங்க நாம ஒரு மூலையில கடை விரிக்கலாம். கூட்டம் தன்னால வரும். ஆனா சந்தைக்காரன் வச்சதுதான் சட்டம். வாங்குறவங்ககிட்ட நாம பேச முடியாது, நம்ம நம்பர் போட முடியாது. திருப்பி அனுப்பினா மறுபேச்சு இல்லாம வாங்கிக்கணும்."

"இன்னொரு வழி?"

"சொந்தக் கடை. இப்பல்லாம் செவுரு, அலமாரி, கல்லாப்பெட்டி எல்லாத்தோடயும் வாடகைக்குக் கிடைக்குது. மாசாமாசம் கட்டினாப் போதும். நம்ம பேரு, உன் போட்டோ, உன் நம்பர். வாங்குறவங்க உன்கிட்ட பேசிட்டு வாங்கலாம். ஒரே கஷ்டம், ஆள் வர்ற வரைக்கும் ஈ ஓட்டணும்."

உன் போட்டோ, உன் நம்பர். சோபாக்காரர் கடித்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்தார்.

"சந்தைதான் மாப்ள சரி," என்றார்.

"ஏன் மாமா?"

"ஏன்னா? நான் கடை போட்டப்ப எங்க போட்டேன்? நாலு பேரு நடக்குற ரோட்டுலதானே? சந்துக்குள்ள போய் உக்காந்துக்கிட்டு வா வான்னு கூப்பிட்டா எவன் வருவான்? வியாபாரம்னா கூட்டம் இருக்குற இடத்துக்குப் போகணும்."

மனைவி முட்டைத் தட்டை நகர்த்தி வைத்தாள். "அளவு எப்படிடா தம்பி? ஆள் எப்படி இருக்கு, எப்படி உக்காருதுன்னு கேக்காம நான் என்னத்தத் தைக்கிறது?"

"சின்னது, நடுத்தரம், பெருசுன்னு மூணு போட்டுக்கலாம்க்கா."

"மூணு மாதிரியா இருக்காங்க பொம்பளைங்க?"

தம்பி சிரித்தான். சோபாக்காரர் சிரிக்கவில்லை. "அதெல்லாம் போகப் போகச் சரியாயிடும். உன் தொண்டைதான் என்னத்துக்கு ஆகும்? நாள் பூரா போன். சோறு ஆறிப்போகுது, தையல் நிக்குது. சந்தைன்னா போனே வராது, நிம்மதியா தைக்கலாம். உனக்காகத்தான் சொல்றேன்."

அந்த 'உனக்காக' அவர் காதுக்கே தேன் தடவினாற்போல் கேட்டது. மனைவி அவர் முகத்தை ஒரு முறை பார்த்தாள். மடியில் கிடந்த உறையின் ஓரத்தில் தொங்கிய நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

"சரி. நீங்க சொல்ற மாதிரியே பண்ணுவோம்."

"நிஜமாவாக்கா?"

"வியாபாரம் பண்ணவரு சொல்றாரு. எனக்கென்ன தெரியும்?"

கடைக்கு என்ன பேர் போடுவது என்று தம்பி கேட்டபோது, "நம்ம பட்டறை பேருதான் இருக்கே," என்று அவர் முந்திக்கொண்டார். தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் தலையணையை மட்டும் வைத்துப் படம் எடுத்தார்கள். அரைநிலா, அநாதையாகக் கிடந்தது.

சந்தை சொன்னபடியே கூட்டத்தைக் கொண்டுவந்தது. முதல் மாதம் வெட்டுமேசைக்கு ஓய்வில்லை. சோபாக்காரரே ஃபோம் வெட்டினார், மூன்று அளவில், அச்சு வைத்து. சீட்டியடித்துக்கொண்டே வெட்டினார். போனில் கூப்பிடுகிறவர்களிடம் மனைவி, "இனிமே அந்தத் தளத்துலயே வாங்கிக்கம்மா," என்று சொல்லி வைத்தாள். மெல்ல மெல்லப் போன் அடங்கியது. காற்று மிஷினும் வேலை இருந்தால்தான் ஓடியது.

பிறகு தலையணைகள் திரும்ப ஆரம்பித்தன. உயரம் ஜாஸ்தி. உயரம் பத்தவில்லை. இடுப்பில் ஏறவில்லை. பிள்ளை உருண்டுவிடுகிறது. ஒவ்வொன்றையும் பிரித்தால் பால் வாடை அடித்தது. ஒருத்தி உபயோகித்ததை இன்னொரு பச்சைப்பிள்ளைக்கு அனுப்ப மனைவிக்கு மனசு வரவில்லை. பின்கட்டில் அவை குவிந்து, ஆள் பக்கவாட்டில் திரும்பி நடக்கும்படி ஆயிற்று. அதற்கு மேல் மழைக்காலம் வேறு. துவைத்துப் போட்ட உறைகள் கொடியில் காயாமல் ஊறின. நட்சத்திரம் போடுகிற இடத்தில் ஒருத்தி ஒன்றே ஒன்றைப் போட்டு, 'தைத்தவருக்குப் பிள்ளை பெற்ற அனுபவம் இல்லை போலிருக்கிறது' என்று எழுதியிருந்தாள்.

மனைவி அதைப் போனில் வாய்க்குள்ளேயே படித்தாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் வெங்காயம் உரித்தாள். அன்று சமையலுக்குத் தேவைப்பட்டதைவிட நிறைய உரித்தாள்.

முதல் தலையணை திரும்பி வந்த அன்று சோபாக்காரர் மனசின் ஓரத்தில் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது உண்மை. எட்டிப் பார்த்ததை அவரே பார்த்துவிட்டார். சீ என்று இருந்தது. ஆனாலும் அது போகவில்லை. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்ப, அந்தச் சந்தோஷம் தானாகச் செத்தது. அவள் பேசுவது பழையபடி 'சாப்பிட வர்றீங்களா', 'நூல் தீந்துபோச்சு' என்ற அளவுக்குச் சுருங்கியிருந்தது. அவர் கேட்டது அதைத்தான், கிடைத்தும்விட்டது. இருந்தும் சாப்பிட உட்கார்ந்தால் மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஒரு பிற்பகல், நல்ல மழையில், கடை வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஒரு இளம்பெண் இறங்கினாள். ஒரு கையில் துணியில் சுற்றிய குழந்தை, மறு கக்கத்தில் தலையணை. தலையெல்லாம் நனைந்திருந்தது.

"இதுதானே அந்தக் கடை? பார்சல் மேல இருந்த அட்ரஸ வச்சுத் தேடிப் பிடிச்சு வந்தேன். இதைத் தைச்சது யாரு? நீங்களா?"

சோபாக்காரர் சுத்தியலைக் கீழே வைத்தார். "என்னம்மா ஆச்சு?"

"என்ன ஆச்சா? ராத்திரி பகல் தூக்கம் இல்ல, தோள்பட்டை ரெண்டும் கழண்டு விழுது. இத வாங்கினாச் சரியாயிடும்னாங்க. இதுல புள்ளைய வச்சா வாயும் எட்டல, ஒண்ணும் எட்டல. ஆம்பளைங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை? சோபா தைக்கிறதோட நிறுத்திக்கக் கூடாது?"

குழந்தை வீரிட்டது. சத்தம் கேட்டு மனைவி வந்தாள். வந்தவள் தலையணையைப் பார்க்கவில்லை. பெண்ணின் தோளைத் தொட்டு, பாதி உரித்துப்போட்டிருந்த ஒரு சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தாள். ஒரு துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினாள்.

"எப்படிம்மா உக்காந்து குடுப்ப? இப்படியா? சாயாத, வீட்டுல எப்படியோ அப்படியே உக்காரு ... ம், நீ நெட்டை. இடுப்புக்கு மேல நீளம். உனக்குப் போய் சின்னது வந்திருக்கு."

"நான் ஒல்லியா இருக்கேன்ல, அதான் சின்னது போட்டேன்."

"ஒல்லிக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்? உன் தப்பு இல்ல. கேக்க வேண்டியவ நான் கேக்கல."

அந்தக் குரல் திரும்பி வந்துவிட்டது.

"என்னங்க, அந்தக் கெட்டி ஃபோம் எடுங்க. ரெண்டு விரல் கனத்துக்கு ஒரு அடுக்கு வெட்டிக் குடுங்க. இடது பக்கம் கூடக் கொஞ்சம் வேணும், பொண்ணு அந்தப் பக்கம் சாயுது."

அவர் வெட்டிக் கொடுத்தார். அவள் உறையின் ஜிப்பைப் பிரித்து அடுக்கை உள்ளே செருகித் தட்டிச் சரிசெய்தாள். குழந்தை ஊரைக் கூட்டியது.

"கொஞ்சம் வெளிய நில்லுங்க. ஷட்டரைப் பாதி இறக்கிட்டுப் போங்க."

தன் கடைக்கு வெளியே, தன் பலகைக்குக் கீழே, சாரலில் அவர் நின்றார். கார் சீட் கொடுத்திருந்த ஒருவர் குடையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, வெளிய நிக்கிறீங்க? உள்ள என்ன?"

"வேலை நடக்குது."

"நீங்க இங்க நிக்கிறீங்களே?"

"என் வேலை இல்ல," என்றார் சோபாக்காரர். சொன்ன பிறகுதான் வாயில் கசந்தது.

ஷட்டருக்குப் பின்னால் குழந்தையின் அழுகை சட்டென்று நின்றது. கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும். பிறகு அந்தப் பெண் விசும்பினாள். வலியில் அழுகிற அழுகை இல்லை என்பது அவருக்கே புரிந்தது. அவர் மனைவி தணிந்த குரலில் ஏதோ சொன்னாள். அழுதுகொண்டிருந்தவள் அழுகையோடு சிரித்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

இத்தனை வருஷத்தில் எத்தனை சோபா, எத்தனை நாற்காலி. உட்கார்ந்து பார்த்து, 'நல்லா இருக்குங்க' என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்தான் எல்லாரும். அவர் செய்த எதிலும் உட்கார்ந்து யாரும் இப்படி அழுததில்லை.

அன்று சாப்பிடும்போது அவர்தான் ஆரம்பித்தார்.

"அந்தச் சந்தை நமக்கு ஒத்து வராது போல. உன் தம்பிய வரச் சொல்லு. அந்த இன்னொரு வழியப் பாப்போம்."

"ஏன் சந்தைன்னு சொன்னீங்க அன்னைக்கு?"

"கூட்டம் வரும்னுதான் ..."

"சும்மா இருங்க." அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "நான் போனை எடுத்தா காத்து மிஷின் ஓடும். போனை வச்சா நிக்கும். எனக்கு என்ன காது செவிடா?"

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் சரின்ன?"

"சண்டை போட்டிருக்கலாம். கோபம் வரலையே. எனக்குப் பழகின வியாதிதானே அது."

"உனக்கா?"

"பல் டாக்டரு நாற்காலி முடிச்சுக் குடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா? இங்க வந்து, தையல் ஒவ்வொண்ணும் பல் வரிசை மாதிரி இருக்குன்னு உங்க கையைப் புடிச்சுக் குலுக்கினாரு. நீங்களும் குலுக்க விட்டுக்கிட்டு நின்னீங்க. தையல் யாரோடது?"

அவர் தட்டிலிருந்த சோற்றை ஓரமாக ஒதுக்கினார்.

"நான் உள்ள டீ போட்டுக்கிட்டிருந்தேன். அவருக்கு நல்ல டீ. உங்க டம்ளர்ல சக்கரை போடல."

"நீ மறந்துட்டேன்னுல்ல சொன்ன?"

"மறக்கல."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் கோபம் இல்லை. சாதம் வேண்டுமா என்பது போல் கரண்டியைத் தூக்கிக் காட்டினாள்.

"எத்தனை தடவை?" என்றார்.

"எது?"

"சக்கரை போடாதது."

"எண்ணல. உங்களத் தேடி யாராவது வந்து புகழ்ந்துட்டுப் போன அன்னைக்கெல்லாம்னு வச்சுக்கங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒருநாள் உப்பு போட்டேன். நீங்க ஒண்ணும் சொல்லாமக் குடிச்சுட்டீங்க. அதுக்கும் சேத்து எரிச்சலா வந்துச்சு," என்றாள்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தோற்றுப்போனதாக ஆகிவிடும் என்று தண்ணீர்ச் செம்பை எடுத்து வாயை மறைத்துக்கொண்டார். அவள் பார்த்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு தம்பி வந்தான். வெட்டுமேசையில் மறுபடி மடிக்கணினி. இந்த முறை பேசியது அவள். சந்தையில் போட்டிருந்ததை எடுத்துவிட வேண்டும். சொந்தக் கடை. அளவு என்று எதுவும் கிடையாது. வாங்க வருகிறவள் முதலில் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், எழுதத் தெம்பில்லாதவள் கூப்பிட்டுப் பேசலாம். சாயங்காலம் மட்டும்தான் போன், மற்ற நேரம் தையல். தலையணையைத் தனியாகப் படம் எடுக்கக் கூடாது. மழையில் வந்த பெண்ணிடம் கேட்டாகிவிட்டது, அவளும் பிள்ளையுமாக உட்காரச் சம்மதித்திருக்கிறாள்.

"ஆரம்பத்துல ஈ ஓட்டணும்க்கா, பரவாயில்லையா?"

"உங்க மாமா ஓட்டுவாரு. ஃபோம் வெட்டிட்டு மிச்ச நேரம் அதானே வேலை."

சோபாக்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவள் தையல் மிஷினுக்குப் போய் உட்கார்ந்தாள். தம்பி ஒவ்வொரு பக்கமாக நிரப்பிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றான்.

"மாமா, இங்க தைக்கிறவங்களப் பத்தி ரெண்டு வரி வேணும். கடைக்கு வர்றவங்க முதல்ல இதத்தான் படிப்பாங்க. அக்காவக் கேட்டா வெக்கப்படும். நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்."

"நானா?"

"நீங்கதானே கூடவே இருக்கீங்க."

அவர் கத்தியை வைத்துவிட்டு யோசித்தார். "நல்லாத் தைப்பாங்கன்னு போடு."

"அவ்வளவுதானா?"

"சுத்தமான பருத்தித் துணி. கெட்டி ஃபோம்."

"அது தலையணையப் பத்தி. அக்காவப் பத்திக் கேக்கறேன்."

பின்கட்டில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சீராக ஓடி, வளைவில் மெதுவாகி, மறுபடி ஓடியது. எந்த இடத்தில் அரைநிலாவின் முனை திரும்புகிறது என்று சத்தத்தை வைத்தே அவரால் சொல்ல முடிந்தது. அதை எப்படி இரண்டு வரியில் சொல்வது என்றுதான் தெரியவில்லை. தம்பி விரல்களை விசைப்பலகையின்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"ஆயுசு பூரா சோபா வேலை செய்யிறவன் நான்," என்றார் கடைசியில், மெதுவாக. "இவ தைக்கிறதப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்குன்னு போடு."

தம்பி சிரித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான். சிரிப்பை நிறுத்தினான். "மாமா, விளையாடாதீங்க. ஊரே படிக்கும். நிஜமாவே போடட்டுமா?"

பின்கட்டில் மிஷின் நின்றது.

"போடுடா," என்றாள் அவள் உள்ளே இருந்து. "எழுத்துப் பிழை இல்லாமப் போடு."